பேய்கள் காப்பாற்றும் கோட்டை

நியூகாசில்

இங்கிலாந்தில் வடக்கே போகப் போக மனிதர்கள் வாய் திறக்கிறார்கள். லண்டன் ரயிலில் எதிர் இருக்கைக்காரரின் முகத்தைப் பார்ப்பதே அத்துமீறல். நியூகாசிலில் பஸ் நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், மழையில் தொடங்கி முழங்கால் வலி, மருமகளின் சமையல் வரை வந்துவிடுகிறார்கள். கடைக்காரப் பெண், பஸ் டிரைவர், மருந்துக் கடைப் பையன் என்று எல்லோருக்கும் நான் 'பெட்'. முன்பின் தெரியாதவரையும் செல்லம் கொஞ்சிக் கூப்பிடும் ஊர்.

அங்கே மருத்துவமனையில் வேலை பார்க்கும் நண்பர்தான் பேய் வேட்டைக்கு ஏற்பாடு செய்திருந்தார். "கோட்டை பார்க்கணும்னு சொன்னீங்க. பகல்ல எல்லாக் கோட்டையும் ஒரே மாதிரிதான் சார் இருக்கும். ராத்திரி பார்ப்போம்" என்றார். இருபது பேர் போலக் கூடி, காசு கட்டி, ஒரு பழைய கோட்டையிலோ மூடிய சிறையிலோ விடிய விடிய விழித்திருந்து ஆவிகளைக் கூப்பிடுவது பிரிட்டனில் வார இறுதிப் பொழுதுபோக்கு. 2002-ல் தொடங்கிய 'மோஸ்ட் ஹான்டட்' என்ற டிவி நிகழ்ச்சி இதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. அதில் காட்டுவதெல்லாம் நிஜமா என்று புகார் கிளம்பியபோது, ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் 2005-ல் தீர்ப்புச் சொன்னது: இது ஆய்வு அல்ல, கேளிக்கை, ஆகவே விதிமீறல் இல்லை. அதற்குப் பிறகும் நிகழ்ச்சி வருடக்கணக்கில் ஓடியது.

நண்பரின் மனைவி வர மறுத்துவிட்டார். "அண்ணா, பேயைப் பார்த்தீங்கன்னா பார்த்ததோட விட்டுட்டு வாங்க. கூட்டிட்டு வந்துடாதீங்க" என்றார். சொல்லிக்கொண்டே கோழி பிரியாணி டப்பாவின் மேல், அலுமினியத் தாளில் சுற்றிய ஒரு கரித்துண்டை வைத்து ரப்பர் பேண்டு போட்டார். இருட்டில் கறிச்சோறு எடுத்துப் போனால் கரியாவது இரும்பாவது கூடப் போக வேண்டும். பார்பிக்யூவுக்கு வாங்கி வைத்த கரி அது.

ஆனிக்

வழியில் ஆனிக். எழுத்துக் கூட்டிப் படித்தால் வேறு மாதிரி வரும்; ஊர்க்காரர்கள் சொல்வது இப்படித்தான். 1887-ல் கட்டிய ரயில் நிலையம் ஒன்று, 1968-ல் பாதையை மூடிய பிறகு, இப்போது 'பார்ட்டர் புக்ஸ்' என்ற பழைய புத்தகக் கடையாக இருக்கிறது. பயணிகள் காத்திருந்த அறையில் கணப்பு எரிகிறது. அலமாரிகளின் தலைக்கு மேலே பொம்மை ரயில் ஓடுகிறது. வெளியே வர மனம் வராத கடை. அரைமணி நேரம் என்று சொல்லி நுழைந்தோம், பொழுது சாய்ந்ததும்தான் கிளம்பினோம்.

ஆனிக்குக்கும் ஒரு பேய் உண்டு, அது பழைய மாதிரி. 12-ம் நூற்றாண்டில் வாழ்ந்த வரலாற்றெழுத்தாளர் வில்லியம் ஆஃப் நியூபர்க் எழுதி வைத்த கதை. மனைவியின் நடத்தையில் சந்தேகப்பட்டு, உத்தரத்தில் ஒளிந்து வேவு பார்த்தவன் கீழே விழுந்து செத்தான். புதைத்த பிறகும் எழுந்து தெருத்தெருவாக நடந்தான். அவன் போன வழியெல்லாம் கொள்ளைநோய். கடைசியில் தகப்பனைப் பறிகொடுத்த இரண்டு சகோதரர்கள் பிணத்தைத் தோண்டி எரித்த பிறகே ஊர் அடங்கியது. சம்பவம் நடந்தது தங்கள் ஊரில்தான் என்கிறார்கள் ஆனிக்காரர்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, அந்தக் காலத்துப் பேய்க்கு உடம்பு இருந்தது என்பதுதான். நாறியது, வீங்கியது, வெட்டினால் ரத்தம் வந்தது. வெள்ளைப் புடவையும் புகையும் கண்ணாடிபோன்ற உடலும் எல்லாம் பிற்காலத்து நாகரிகம்.

சில்லிங்ஹாம்

ஆனிக்கிலிருந்து வடமேற்கே போகும் சாலை வர வர ஒடுங்குகிறது. இரண்டு பக்கமும் சாந்து இல்லாமல் அடுக்கிய கல் சுவர்கள். சுவர்களுக்கு அப்பால் ஆடுகள், ஆடுகளுக்கு அப்பால் செவியட் மலைகள். மலை என்றால் நம் மேற்குத் தொடர்ச்சி மலை மாதிரி இல்லை. உயரத்தைக் காட்டிக்கொள்ளாத, மரமில்லாத, வழுவழுப்பான மேடுகள். செப்டம்பர் கடைசியில் பெரணிச் செடிகள் துருப்பிடித்துக் கிடந்தன. மலைக்கு அந்தப் பக்கம் ஸ்காட்லாந்து. முந்நூறு வருடம் இரண்டு பக்கத்தாரும் மாறி மாறி மாடு திருடி, வீடு எரித்து, ஆளைக் கொன்ற நிலம் இது. 1298-ல் ஸ்காட்லாந்துக் கிளர்ச்சித் தலைவர் வில்லியம் வாலஸை அடக்கப் புறப்பட்ட முதலாம் எட்வர்டு மன்னர் சில்லிங்ஹாமில் தங்கிப் போனார். 1344-ல் சர் தாமஸ் டி ஹீட்டன் என்பவர் இங்கே கொத்தளம் கட்டிக்கொள்ள மூன்றாம் எட்வர்டிடம் அனுமதி வாங்கினார். சொந்த வீட்டைக் கோட்டையாக்கவும் அரசன் அனுமதி வேண்டியிருந்த காலம்.

நான்கு மூலையிலும் கனத்த கோபுரங்கள், நடுவில் சதுர முற்றம், முற்றத்திலிருந்து மேலேறும் கல் படிகள். அண்ணாந்து பார்த்தால் துண்டு வானம். கிரே குடும்பமும் அதன் வழிவந்த டாங்கர்வில் பிரபுக்களும் நூற்றாண்டுக்கணக்கில் வாழ்ந்த இடம். 1930-களில் அவர்கள் வெளியேறினார்கள். இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்தைக் குடிவைத்தார்கள். சுவரில் பதித்திருந்த மரவேலைப்பாடுகளைச் சிப்பாய்கள் பெயர்த்துக் குளிர்காய்ந்தார்கள் என்று சொல்கிறார்கள். போருக்குப் பின் கூரையின் ஈயத் தகடும் போயிற்று. ஈயம் போனால் மழை உள்ளே. மழை வந்தால் எல்லாம் முடிந்தது. இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய மாளிகைகள் இப்படித்தான் இடிந்தோ இடிக்கப்பட்டோ போயின.

சில்லிங்ஹாம் போகவில்லை. 1982-ல் சர் ஹம்ஃப்ரி வேக்ஃபீல்டு வாங்கினார். அவருடைய மனைவி கிரே வம்சத்து உறவு. அறை அறையாகச் செப்பனிட்டார், உலகெங்குமிருந்து கவசங்களும் கொம்புகளும் ஆயுதங்களுமாகக் கொண்டுவந்து நிரப்பினார். கூரை வேய, கல் பூச, கணப்பு மூட்ட, எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். கல்யாணங்கள் கொடுக்கின்றன, பகல் பார்வையாளர்கள் கொடுக்கிறார்கள், மிச்சத்துக்குப் பேய்கள் உழைக்கின்றன. 'பிரிட்டனிலேயே அதிகமாகப் பேய் உலவும் கோட்டை' என்ற பட்டம் சும்மா கிடைப்பதில்லை.

முற்றத்தில் எங்கள் கூட்டம் கூடியது. சண்டர்லேண்டிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், கேட்ஸ்ஹெட்டிலிருந்து ஒரு நர்ஸ், ஒரே மாதிரி தொப்பி போட்ட அக்கா தங்கை, காதலியைப் பயமுறுத்துவதற்காகவே வந்திருந்த ஓர் இளைஞன். ஆளுக்கொரு படிவம் நீட்டினார்கள். வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு என்ற பத்திகளுக்கு நடுவே, நடப்பதெல்லாம் பொழுதுபோக்குக்காக மட்டுமே என்று ஒரு வரி. இந்த வரிக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. போலி ஆவியுலகவாதிகளைத் தண்டிக்க 1951-ல் தனிச் சட்டமே போட்ட நாடு இது. 2008-ல் அதை நீக்கிவிட்டு, நுகர்வோரை ஏமாற்றும் எல்லா வியாபாரத்தோடும் சேர்த்துவிட்டார்கள். இன்றைக்கு இங்கிலாந்துப் பேயும் பற்பசையும் ஒரே சட்டத்தின் கீழ்.

நிலவறை

வேட்டைத் தலைவர் மொட்டைத் தலையும் நெற்றியில் டார்ச்சுமாக இருந்தார். குரலில் நாடகம் இல்லை. பள்ளிச் சுற்றுலாவை அழைத்துப் போகும் வாத்தியாரின் அலுப்புதான் இருந்தது. முதலில் சித்திரவதை அறை. உடலை இழுக்கும் பலகை, கட்டைவிரல் நசுக்கி, உள்ளே ஆணி வைத்த இரும்புப் பெட்டி. ஜான் சேஜ் என்ற கொடூரன் இங்கே ஆயிரக்கணக்கில் ஸ்காட்லாந்துக்காரர்களை வதைத்தான், கடைசியில் அவனையே தூக்கில் போட்டார்கள் என்ற கதையைச் சொன்னார். ஜான் சேஜ் என்று ஒருவன் இருந்ததற்கே ஆவணச் சான்று கிடையாது. ஆணிப் பெட்டியும் அப்படித்தான்: இடைக்காலத்தில் யாரையும் அதில் அடைத்ததாகச் சான்றில்லை, பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கிளம்பிய புனைவு அது. இதையெல்லாம் அங்கே சொல்வது, கல்யாண வீட்டில் ஜாதகம் கேட்கும் வேலை. பேசாமல் இருந்தேன்.

டார்ச்சுகளை அணைத்தார்கள். அப்படியொரு இருட்டை நான் சமீபத்தில் பார்த்ததில்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். ஈரக் கல்லின் வாடை. யாரோ ஒருவரின் ஜாக்கெட் உரசும் சத்தம். கீழே நான்கைந்து 'கே2' மீட்டர்கள் வைத்திருந்தார்கள். டிவி ரிமோட் அளவுள்ள கறுப்புப் பெட்டி, நுனியில் பச்சை முதல் சிவப்பு வரை ஐந்து சிறு விளக்குகள். மின்காந்தப் புலத்தை அளக்கும் கருவி. பக்கத்தில் மின்கம்பி ஓடினால் எரியும், செல்போன் வைத்தாலும் எரியும். ஆவி வந்தாலும் எரியும் என்பது இவர்கள் சேர்த்துக்கொண்டது.

"இங்கே யாராவது இருந்தால், தயவுசெய்து அந்த விளக்கைத் தொடுவீர்களா?" என்றார் தலைவர். ஒன்றுமில்லை. "அவசரமில்லை. உங்களுக்கு வசதிப்படும்போது." இரண்டு நிமிடம் கழித்து ஒரு விளக்கு மினுங்கியது. இருட்டில் இருபது பேர் மூச்சை இழுத்தார்கள். "மிக்க நன்றி. சிரமம் இல்லையென்றால் இன்னொரு தடவை?" செத்தவனிடமும் இவ்வளவு மரியாதையாகக் கெஞ்சும் இனத்தை நான் கண்டதில்லை. தூக்கில் தொங்கிய கொடூரனுக்குக்கூட அன்று நாலு 'ப்ளீஸ்' விழுந்தது. பஸ் டிரைவர் என் காதருகில், "வேலை பார்த்த முப்பது வருஷத்தில் பயணிகள் ஒருவரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை, பெட்" என்றார்.

மேல் தளம்

கோட்டையின் உண்மையான கதைகள் மாடியில் இருக்கின்றன. உள் பண்டக அறையில் வெள்ளிப் பாத்திரங்களுக்குக் காவலாக ஒரு வேலைக்காரன் படுத்திருப்பானாம். ஒருநாள் இரவு வெளுத்த முகத்தோடு ஒரு பெண் தண்ணீர் கேட்டாள். விருந்தாளி யாரோ என்று நினைத்து எடுக்கத் திரும்பினான். கதவை வெளியிலிருந்து பூட்டியிருக்கிறார்களே, இவள் எப்படி உள்ளே வந்தாள் என்று அப்போதுதான் உறைத்தது. திரும்பினால் யாருமில்லை. விஷம் வைத்துக் கொல்லப்பட்டவள், அதனால்தான் தாகம் என்கிறார்கள். இளஞ்சிவப்பு அறையில் நடுநிசியில் அழும் நீலப் பையனின் கதையும் உண்டு. பத்தடிக் கனச் சுவரை உடைத்தபோது ஒரு சிறுவனின் எலும்பும் நீலத் துணிக் கந்தலும் கிடைத்தனவாம். நம் பக்கத்தில் இப்படி அநியாயமாகச் செத்த பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒரு கல் நட்டு, வருஷத்துக்கொரு பொங்கல் வைத்துக் குலதெய்வம் ஆக்கிவிடுவார்கள். தண்ணீர் கேட்டவளுக்கு ஒரு செம்புத் தண்ணீராவது படைத்திருப்பார்கள். இங்கே அவள் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

நடைவழியில் பட்டாடை உரசும் சத்தத்தோடும் சில்லென்ற காற்றோடும் வருபவள் லேடி மேரி பெர்க்லி. கணவன் ஃபோர்டு கிரே இவளுடைய தங்கை ஹென்ரியட்டாவோடு ஓடிப்போனான். கைக்குழந்தையோடு தனியே விடப்பட்ட மேரி அவனைத் தேடி இன்றும் நடக்கிறாள். தொப்பி அணிந்த அக்கா தங்கை இந்தக் கதைக்கு ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

ஓடிப்போனது சத்தியம். 1682-ல் லண்டனில் நடந்த வழக்கு ஊரையே கூட்டியது. மாமனார் பெர்க்லி பிரபு மருமகன் மேல் வழக்குப் போட, ஹென்ரியட்டா நீதிமன்றத்தில் எழுந்து தான் வேறொருவரை மணந்துவிட்டதாக அறிவிக்க, வெளியே இரு தரப்பும் வாளை உருவின. அஃப்ரா பென் இதை வைத்து ஒரு நாவலே எழுதினார். ஃபோர்டு கிரே குற்றவாளி என்று தீர்ப்பானது, தண்டனை வரவில்லை. 1685-ல் மன்மத் கோமகனின் கலகத்தில் குதிரைப்படைக்குத் தலைமை தாங்கி, செஜ்மூர் போரில் படையோடு சிதறி ஓடி, பிடிபட்டு, கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்து உயிர் பிழைத்தார். 1695-ல் டாங்கர்வில் கோமான் பட்டம் வாங்கினார். 1701-ல் இறந்தார். தெற்கே சஸெக்ஸில் அவர் கட்டிய அப்பார்க் மாளிகை இன்றும் இருக்கிறது. மேரி? கணவனுக்குப் பிறகும் உயிரோடு இருந்து, ரிச்சர்டு ரூத் என்பவரை மறுமணம் செய்துகொண்டார்.

அதாவது, வடகோடிக் கோட்டையில் காத்துக் காத்துச் சாகவில்லை அந்த அம்மாள். துரோகத்தைத் தாங்கினார், மகளைக் கட்டிக்கொடுத்தார், அவனைவிட அதிக நாள் இருந்தார், வேறு கல்யாணமும் பண்ணிக்கொண்டார். பேய்க்கதை அவரை முப்பது வயதுக்குள் நிறுத்தி, நடைவழியில் அழவிட்டிருக்கிறது. பேய்களின் மேல் எனக்கு இருக்கும் ஒரே புகார் இதுதான்: வாழ்க்கையின் மிக மோசமான ஒரு நாளை எடுத்துக்கொண்டு மிச்சத்தையெல்லாம் விழுங்கிவிடுகின்றன.

மேசை

நள்ளிரவுக்குப் பிறகு ஒரு சிறிய வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். ஆளுக்கு இரண்டு விரல், அழுத்தாமல், மேசை மேல். எனக்கு எதிரே நர்ஸ். கொஞ்ச நேரத்தில் மேசை நடுங்கியது, ஒரு காலைத் தூக்கியது, பிறகு நொண்டிக் குதிரை மாதிரி தரையில் தத்தியது. நான் தள்ளவில்லை. யாரும் தள்ளியதாகத் தெரியவில்லை.

1853-ல் லண்டன் முழுக்க இந்த விளையாட்டுதான். மின்சாரமா, ஆவியா என்று ஆளாளுக்கு எழுதிக்கேட்டுத் தொந்தரவு செய்யவே, மைக்கேல் ஃபாரடே தானே சோதித்துப் பார்த்தார். சில அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவில் இளகிய பசை வைத்து அடுக்கி, மேசையில் ஒட்டி, அதன்மேல் கைவைக்கச் சொன்னார். மேசை கையை இழுத்திருந்தால் அடி அட்டை முதலில் நகர்ந்திருக்கும். நகர்ந்தது மேல் அட்டை. கைதான் மேசையைத் தள்ளியது, கைக்குச் சொந்தக்காரருக்குத் தெரியாமலே. அசைவைக் காட்டும் ஒரு முள்ளை எதிரே வைத்ததும் மேசை அசைவதே நின்றுபோனது. யாரையும் பொய்யர் என்று சொல்லாமல் உண்மையைக் கண்ட சோதனை அது.

நர்ஸ் பேசினார். அவருடைய அம்மா 2020-ல் முதியோர் இல்லத்தில் இறந்திருக்கிறார். அப்போது இவர் மருத்துவமனையில் மற்றவர்களின் அம்மாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லத்துக்குள் யாரையும் விடாத நாட்கள். "கடைசியில் பக்கத்தில் யாராவது இருந்தாங்களா, அம்மா? இருந்தாங்கன்னா மேசையை என் பக்கம் சாய்" என்றார். எட்டு பேரின் பதினாறு விரல்கள். மேசை மெதுவாக, மிக மெதுவாக, அவர் பக்கம் சாய்ந்து மடியில் தட்டியது. என் விரல்களும் அதில் இருந்தன. அவை தள்ளினவா என்று கேட்டால், தள்ளியிருக்கும் என்றுதான் சொல்வேன். ஃபாரடேயின் பெயரை நான் எடுக்கவில்லை.

இடைவேளையில் பிளாஸ்க் தேநீர். மற்றவர்கள் ஸ்டாட்டி என்கிற தட்டை ரொட்டியை வெட்டி, பன்றித் தொடைக்கறியும் பட்டாணிக் கூழும் வைத்துச் சாப்பிட்டார்கள். இந்தப் பக்கத்துத் தொழிலாளர் சாப்பாடு, வயிறு மத்தியானம் வரை அசையாது. எங்கள் பிரியாணி வாசனைக்கு ஆள் சேர்ந்தது. கரித்துண்டு எதற்கு என்று நர்ஸ் கேட்டார். நண்பர் விளக்கினார். வேட்டைத் தலைவர் அதை வாங்கி டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்; அவ்வளவு கருவி வைத்திருந்தவருக்கு விரட்டும் கருவி ஒன்றுமில்லை. "எனக்கு வேண்டாம், நான் வரட்டும்னுதான் நினைக்கிறேன்" என்றார் நர்ஸ். ஆனாலும் விடைபெறும்போது அதைக் கேட்டு வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

காலை, தேவாலயமும் காடும்

விடிந்ததும் புனித பீட்டர் தேவாலயத்துக்கு நடந்தோம். சின்னஞ்சிறு கோயில். உள்ளே, 1443-ல் இறந்த சர் ரால்ஃப் கிரேயும் மனைவி எலிசபெத்தும் அலபாஸ்டர் கல்லில் படுத்திருக்கிறார்கள். கல்லறையைச் சுற்றிலும் மாடங்களில் புனிதர்கள். மதச் சீர்திருத்தக் காலத்தில் இங்கிலாந்து முழுக்க இப்படிப்பட்ட சிலைகளின் தலைகளை உடைத்தார்கள்; இங்கே தப்பித்திருக்கின்றன. எலிசபெத்தின் தலையலங்காரத்தில் முடிச்சு முடிச்சாகச் செதுக்கியிருக்கும் வேலையை விரல்நுனி தூரத்தில் பார்க்கலாம். இரவு முழுக்க எங்களில் ஒருவரும் இவர்களைக் கூப்பிடவில்லை. ஒழுங்காக இறந்தவர்களுக்கு வேட்டையில் இடமில்லை.

பிறகு பூங்காவுக்குள், வார்டனோடு. சில்லிங்ஹாமின் காட்டு மாடுகள் வெள்ளை நிறம், செம்பழுப்புக் காது, வளைந்த கொம்பு. யாரும் பால் கறப்பதில்லை, மருத்துவர் தொடுவதில்லை, குளிர்காலத்தில் போடும் வைக்கோலைத் தவிர மனித உதவி கிடையாது. நூற்றாண்டுக்கணக்கில் வெளிரத்தம் கலக்காமல் தங்களுக்குள்ளேயே பெருகியவை. ஏறக்குறைய ஒன்றன் நகல் இன்னொன்று என்னும் அளவுக்கு மரபணு ஒத்திருக்கிறது என்று 2001-ல் 'நேச்சர்' இதழில் ஆய்வு வந்தது. உள்ளினப் பெருக்கம் அழிவில் முடியும் என்று பாடம் படித்த நமக்கு இது புதிர்தான். 1789-ல் தாமஸ் பியூயிக் இந்தக் காளையை மரச்செதுக்கலாக்கினார். சரிவில் இரண்டு காளைகள் தலை தாழ்த்தி மண்ணைக் கிளறிக்கொண்டு உறுமின. வார்டன் எங்களை வண்டியை விட்டு நகரவிடவில்லை. இரவு முழுக்க எட்டிப் பார்க்காத பயம் அங்கேதான் எனக்கு வந்தது.

1947-ம் வருடப் பனியில் மந்தை பதிமூன்றாகக் குறைந்தது. இன்று நூற்றுக்கு மேல் மேய்கின்றன. சில்லிங்ஹாம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பேய் வேட்டைக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன், கோட்டைக் கூரைக்கு நம் பங்காக ஓர் ஈயத் தகடு. ஆனால் விடிந்ததும் காரைத் திருப்பிவிடாதீர்கள். தேவாலயத்துக்கு அரைமணி, மாடுகளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மாடுகளைக் குளிர்காலத்தில் காட்டமாட்டார்கள், வார்டன் இல்லாமல் உள்ளே விடவும் மாட்டார்கள். கம்பளி ஸ்வெட்டர் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டையில் இருப்பதாக நானே சாட்சி சொல்லக்கூடியது குளிர் ஒன்றுதான்.